மூன்று கிளெமென்டே: எந்தக் குறையோடு காலம் தள்ளலாம்?

போன வருடம் நியூ ஜெர்சியில் ஒரு கார்டு ஷோவுக்குப் போயிருந்தேன். ஹோட்டல் ஹாலில் வரிசையாக மேஜை போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய பேஸ்பால் கார்டுகளை (வீரர் படம் அச்சடித்த சின்ன அட்டைகள்) அடுக்கி வைத்திருப்பார்கள். நம் ஊர் தபால்தலைக் கண்காட்சி மாதிரிதான், விலைதான் நெஞ்சை அடைக்கும். அங்கே ஒரு வியாபாரியிடம் டாப்ஸ் கம்பெனி 1955இல் வெளியிட்ட செட்டில் (அந்த வருடத்து கார்டு வரிசை) ராபர்டோ கிளெமென்டே, எண் 164, ஒன்றுக்கு மூன்றாக இருந்தது. கிளெமென்டேயின் முதல் கார்டு இதுதான், அதாவது ரூக்கி கார்டு. போர்ட்டோ ரிகோவில் பிறந்து, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கு 18 சீசன் ஆடி, சரியாக 3000 ஹிட் எடுத்து, 1972 டிசம்பர் 31 அன்று நிக்கராகுவா நிலநடுக்கத்துக்கு நிவாரணப் பொருள் ஏற்றிக்கொண்டு போன விமானம் விழுந்து இறந்தவர். டாப்ஸ் கம்பெனி 1957இலிருந்து 1969 வரை அவர் பெயரை ‘பாப்’ என்று அமெரிக்கத்தனமாக மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தது, அவருக்கு அது பிடிக்கவே பிடிக்காது. 1955 கார்டில் ராபர்டோ என்று ஒழுங்காகவே இருக்கும். எனக்கு அந்த கார்டு வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றுமே பிஎஸ்ஏ நிறுவனம் தரம் பார்த்து பிளாஸ்டிக் உறையில் சீல் வைத்தவை (இந்த உறையை ஸ்லாப் என்பார்கள்; தரம் 1இலிருந்து 10 வரை, 10தான் உச்சம்). முதலாவது 5, ஆனால் பக்கத்தில் ஓசி (OC, ஆஃப் சென்டர், அதாவது படம் நடுவில் இல்லை) என்று இரண்டு எழுத்து. மூலையெல்லாம் கூர்மை, நிறம் பளிச். படம் மட்டும் வலப்பக்கமாக நகர்ந்து, வலது ஓரத்து வெள்ளை நூலிழை அளவுக்கு ஆகிவிட்டது. இரண்டாவது 3. படம் நடுவில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது, மூலைகள் மழுங்கியிருக்கின்றன, இடது கீழ் மூலைப் பக்கம் ஒரு மெல்லிய மடிப்பு. மூன்றாவது 1.5. முன்பக்கத்தைப் பார்த்தால் மூன்றிலும் அழகு இதுதான். திருப்பினால், ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டியிருந்ததைப் பிய்த்ததில் பின்பக்கக் காகிதம் இரண்டு இடத்தில் உரிந்து போயிருக்கிறது. முதல் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலை, மூன்றாவது கணிசமாகக் கம்மி. கையில் இருந்த காசுக்குக் குறையில்லாத கிளெமென்டே கிடைக்கவே கிடைக்காது, அது வேறு உலகம். ஆக, எந்தக் குறையை வீட்டுக்குக் கூட்டிப் போவது என்பதுதான் கேள்வி.

என் கூட வந்திருந்த அண்ணன், அதே நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் இருபது வருடமாக இருப்பவர், இந்தப் பைத்தியத்தை எனக்குத் தொற்ற வைத்தவரும் அவர்தான், ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “மூணாவதை எடு தம்பி. பின்பக்கத்தை யாரு பாக்கப் போறா?” என்றார். எனக்கு அது அவ்வளவு சுலபமாகப் படவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் சென்டரிங், அதாவது படம் கார்டின் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்பது. இதில் வரும் கோணல் கார்டின் பிறவிக் குறை, வைத்திருந்த பையன் எந்தத் தப்பும் செய்யவில்லை. பெரிய தாளில் பல கார்டுகளைச் சேர்த்து அச்சடித்து, தாள்களை அடுக்காக வைத்துக் கத்தியால் வெட்டுவார்கள். அடுக்கு கொஞ்சம் நகர்ந்தால் அந்த வெட்டில் வரும் எல்லா கார்டுக்கும் ஓரம் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்துவிடும். ஒரு சென்ட்டுக்கு பபிள் கம்மோடு விற்ற சாமானுக்கு அன்றைக்கு அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? பிஎஸ்ஏ கணக்கில் முன்பக்கம் எதிரெதிர் ஓரங்களின் அகல விகிதம் 60க்கு 40 வரை இருந்தால் 9 கிடைக்கும், 65க்கு 35 என்றால் 8, 70க்கு 30 என்றால் 7, இப்படி இறங்கி 5க்கு 85க்கு 15 வரை விடுவார்கள். அதையும் தாண்டினால் ஒன்று தரத்தை இன்னும் இறக்குவார்கள், இல்லையென்றால் மற்றதையெல்லாம் வைத்துத் தரம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஓசி என்று முத்திரை குத்துவார்கள். சந்தையில் பொதுவாக அந்த முத்திரைக்கு இரண்டு படி கழித்துக்கொள்வார்கள். 5 ஓசியும் வெறும் 3ம் ஒரே விலைக்கு நின்றதன் ரகசியம் அதுதான்.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு, அதுவும் கசப்பு. சில வருடம் முன்னால் அதே 1955 செட்டில் சாண்டி கோஃபாக்ஸ், எண் 123, வாங்கினேன். மூலைகள் ஊசி மாதிரி, படம் மட்டும் சாய்ந்திருந்தது. ‘மூலை நன்றாக இருக்கிறதே, சென்டரிங் பழகிவிடும்’ என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பழகவில்லை. அலமாரியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கண் நேராக அந்த மெலிந்த ஓரத்துக்குத்தான் போகும். சுவரில் கோணலாக மாட்டிய சாமி படம் மாதிரி, ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் தெரியும். கடைசியில் நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டேன். சிலருக்கு இது ஒரு பொருட்டே இல்லை, அவர்கள் அதிர்ஷ்டசாலிகள், மூலை கூர்மையான கார்டுகள் அவர்களுக்கு மலிவாகக் கிடைக்கும். நான் அந்த ரகம் இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு கோஃபாக்ஸ் செலவாயிற்று.

மூலை மழுங்குவது வேறு விஷயம். அது யாரோ ஒரு பையன் அந்த கார்டை விரும்பியதற்கான தடயம். சட்டைப்பையில் வைத்திருப்பான், சுவரில் வீசி விளையாடியிருப்பான், செருப்புப் பெட்டியில் போட்டு ஆட்டியிருப்பான். நான்கு மூலையும் ஒரே மாதிரி மழுங்கியிருந்தால் கண் அதை உறுத்தலாகவே எடுத்துக்கொள்வதில்லை, தேய்ந்த படிக்கட்டு மாதிரி ஒரு நிதானம் வந்துவிடும். மூன்று கூர்மையாக இருந்து ஒன்று மட்டும் நசுங்கியிருந்தால்தான் தொந்தரவு.

ஆனால் எந்த செட் என்பதைப் பொறுத்து இது தலைகீழாக மாறும். 1955 மாதிரி வெள்ளை ஓரம் என்றால் தேய்மானம் வெள்ளைக்குள் வெள்ளையாக மறைந்துவிடும். 1971 டாப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், 752 கார்டு, எல்லாவற்றுக்கும் கறுப்பு ஓரம். நகம் பட்டாலே உள்ளிருக்கும் வெள்ளை அட்டை பல்லிளிக்கும். தர்மன் மன்சன், எண் 5, நோலன் ரயன், எண் 513, இதையெல்லாம் நல்ல நிலையில் தேடுகிறவர்கள் படும் பாட்டைக் கேட்டால் பாவமாக இருக்கும். 1953 டாப்ஸில் வீரர் பெயர் போட்ட கட்டம் கீழ் ஓரம் வரைக்கும் போகும், அந்த விளிம்பில்தான் முதலில் நிறம் உதிரும். 1911இல் வந்த டி205 சிகரெட் கார்டுகளுக்குப் பொன்னிற ஓரம், அதன் கதையும் இதே கதை. அந்த மாதிரி செட்களில் நான் மூலையைப் பற்றி இவ்வளவு பெருந்தன்மையாகப் பேசமாட்டேன்.

ரப்பர் பேண்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துப் பையன்கள் செட்டை எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி வைப்பார்கள். மேலே இருப்பதும் கீழே இருப்பதும் எல்லா அடியையும் வாங்கும். 1952 டாப்ஸில் எண் 1, ஆண்டி பாஃப்கோ. நல்ல ஆட்டக்காரர், ஆனால் மான்டில், மேஸ் வரிசையில் வைக்கிற பெயர் இல்லை. இருந்தும் நல்ல நிலையில் உள்ள பாஃப்கோவுக்குப் பெரிய நட்சத்திரங்களுக்குக் கொடுக்கிற விலை கொடுக்க வேண்டியிருக்கிறது, அடுக்கின் உச்சியில் உட்கார்ந்த ஒரே பாவத்துக்காக. அதே செட்டின் கடைசி கார்டு 407, எடி மாத்யூஸ், அவருக்கும் இதே கதி, கூடவே அது அவரது ரூக்கி கார்டு வேறு.

சரி, மடிப்புக்கு வருவோம். இரண்டாவது கிளெமென்டேயின் பிரச்சினை இதுதான், சேகரிப்பவர்களில் பாதிப் பேர் கேட்டவுடனே ஓடுகிற குறையும் இதுதான். இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது. அட்டையின் நார் உடைந்து இரண்டு பக்கமும் தெரிந்தால் அது மடிப்பு. மேற்பரப்பு மட்டும் கொஞ்சம் எழும்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிந்தால் அது சுருக்கம். பிஎஸ்ஏ அளவுகோலில் 4 வரைக்கும்தான் லேசான மடிப்புக்கு இடம், அதனால் மற்ற எல்லாம் அம்சமாக இருக்கிற கார்டும் ஒரே ஒரு கோட்டால் கீழே விழுந்துவிடும். விற்பவர் போடும் ஸ்கேன் படத்தில் சுருக்கம் தெரியவே தெரியாது, ஸ்கேனர் வெளிச்சம் தட்டையாக அடிப்பதால் அது ஒளிந்துகொள்ளும். ‘ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து ஒரு போட்டோ அனுப்புங்கள்’ என்று கேட்டால் நல்ல வியாபாரி அனுப்புவார். மழுப்பினால் வேறு ஆளைப் பார்ப்பது உத்தமம்.

மடிப்பு எங்கே இருக்கிறது என்பது, மடிப்பு இருக்கிறதா என்பதைவிட முக்கியம் என்பேன். முகத்துக்குக் குறுக்கே போனால் முடிந்தது, வேண்டாம். ஓரத்துக்குப் பக்கத்தில், அதுவும் அச்சு மை உடைந்து வெள்ளை தெரியாமல் இருந்தால், ஒரு கை நீளத்திலிருந்து பார்க்கும்போது அது இல்லாத மாதிரிதான். தரம் பார்ப்பவர்கள் இந்த இரண்டையும் ஒரே எண்ணுக்குள் அடைத்துவிடுகிறார்கள். ஒரே 3 என்ற லேபிளோடு ஒன்று பார்க்கச் சகிக்காமலும் இன்னொன்று கண்ணைப் பறிக்கிற மாதிரியும் இருப்பது இதனால்தான். கார்டைப் பார், லேபிளை அப்புறம் பார் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

இப்போது பின்பக்கம். அண்ணனின் கட்சி. பின்பக்கத்துக் குறைகள் நிறைய ரகம், எல்லாவற்றையும் ஒரே தராசில் போட முடியாது. மெழுகுக் கறை இருக்கிறதே, பாக்கெட் தாளைச் சூடு வைத்து ஒட்டும்போது அதிலிருந்த மெழுகு கார்டில் இறங்கியது, அது எனக்கு ஒன்றுமே இல்லை. வழவழப்பான முன்பக்கத்தில் இருந்தால் நைலான் காலுறையால் மெதுவாகத் தேய்த்தே எடுத்துவிடுகிறார்கள். பின்பக்கம் பூச்சில்லாத வெறும் அட்டை என்பதால் உள்ளே ஊறிவிடும், எடுக்க முடியாது. பபிள் கம் பட்டு வந்த பழுப்புக் கறையும் இதே ஜாதிதான், பாக்கெட்டைத் திறப்பதற்கு முன்பே வந்து சேர்ந்தது. 1914 கிராக்கர் ஜாக் கார்டுகள் கேரமல் பூசிய பாப்கார்னுக்கு நடுவில் கிடந்தவை, கறை இல்லாதது கிடைப்பது அபூர்வம். 1915இல் முழு செட்டையும் தபாலில் வரவழைக்கலாம் என்று வைத்ததால் அந்த வருடத்து கார்டுகள் எவ்வளவோ சுத்தமாகக் கிடைக்கின்றன. 1914 கார்டில் கேரமல் கறை பார்த்தால் நான் முகம் சுளிக்கமாட்டேன். அந்த கார்டின் பிறப்பிடம் அது.

ஆல்பத்தில் ஒட்டிப் பிய்த்தது அப்படி இல்லை. காகிதமே போய்விட்டது, எழுத்தும் போய்விட்டது. தரம் 1, 1.5 என்று தரைக்கு வந்துவிடும், விலையும் கூடவே இறங்கும். முன்பக்கத்தை மட்டும் பார்த்து ரசிப்பவருக்கு இதைவிட லாபமான பேரம் இந்தத் தொழிலில் கிடையாது, அண்ணன் சொல்வதில் தப்பே இல்லை. (இன்னும் பிய்க்காமல் ஆல்பத்திலேயே ஒட்டியிருக்கிற முதல் உலகப் போருக்கு முந்தைய டி206 மாதிரி சிகரெட் கார்டுகள் கையில் கிடைத்தால் உரிக்காதீர்கள். வாலை வடிநீரில் ஊற வைத்துப் பசையை இளக்கி எடுப்பார்கள். வெறும் தண்ணீர் என்றால் இந்த வட்டாரத்தில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள், ரசாயனம் என்றால் சண்டைக்கு வருவார்கள். பிற்காலத்து வழவழப்பு கார்டுகளுக்கு இந்த வைத்தியம் ஆகாது.) என் பிரச்சினை, நான் பின்பக்கத்தைப் படிக்கிற ஆள். பிறந்த ஊர், போன வருடத்து கணக்கு, ஒரு சின்ன கார்ட்டூன், அந்தத் தடித்த சாம்பல் அட்டையில் அந்த மை. அதில் பாதி வரி இல்லை என்றால் எனக்குப் புத்தகத்தில் பக்கம் கிழிந்த மாதிரி.

பேனா கிறுக்கலைப் பற்றிக் கேட்பீர்கள். வீரர் அணி மாறியதும் பழைய அணிப் பெயரை அடித்துவிட்டுப் புதிய பெயரை எழுதி வைத்த பையன்கள் ஏராளம். பின்பக்கத்தில் குட்டி எழுத்தில் பெயரெழுதியிருந்தால் பரவாயில்லை, எனக்கு அது பிடிக்கக்கூடச் செய்யும். முகத்துக்கு மீசை வரைந்திருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். சுவரில் குண்டூசி குத்திய ஓட்டை, செல்லோடேப் மஞ்சள், இரண்டையும் நான் கணக்கிலேயே எடுப்பதில்லை, அதற்குப் பதில் இன்னும் மலிவான வீரர் ஒருவரை நல்ல நிலையில் வாங்கிக்கொள்வேன். அச்சிலேயே வந்த புள்ளிகள், நிறம் விலகி நிழல் விழுந்தது மாதிரித் தெரிவது, இவை செட்டைப் பொறுத்தவை. லீஃப் கம்பெனியின் 1948 செட்டில் ஜாக்கி ராபின்சன் வாங்கப் போய்விட்டு நிறம் விலகியிருக்கிறது என்று குறை சொன்னால் வியாபாரி சிரிப்பார், அந்த செட் அச்சானதே அப்படித்தான்.

இதெல்லாம் ஒரு பக்கம். ஓரம் வெட்டியது, நிறம் பூசியது, வெளுத்தது, இது முற்றிலும் வேறு. இதுவரை சொன்ன குறைகள் எல்லாம் கார்டைப் பார்த்தால் தெரிபவை. இது குறையை மறைக்கச் செய்த வேலை. மழுங்கிய மூலையைக் கூர்மையாக்க ஓரத்தை நூலளவு சீவிவிடுவார்கள். 1971 கார்டின் உதிர்ந்த விளிம்பில் கறுப்பு மார்க்கர் தடவுவார்கள், அது புற ஊதா விளக்கில் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். இந்த விஷயத்தில் உலகத்திலேயே பெயர்பெற்ற கார்டுதான் உலகத்திலேயே பெயர்பெற்ற மோசடியும். டி206 ஹோனஸ் வாக்னர், ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் இன்னொருவரும் சேர்ந்து 1991இல் 4,51,000 டாலருக்கு வாங்கியது, பிஎஸ்ஏ தரம் பார்த்த முதல் கார்டு, 8 கொடுத்தார்கள். 2007இல் 28 லட்சம் டாலருக்கு கைமாறியது. 2013இல் ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ தன் மீதான மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அந்த கார்டின் ஓரத்தைத் தான்தான் வெட்டினேன் என்றும் ஒப்புக்கொண்டார். இதற்கு எதிர்ப்பக்கத்தில், 2021இல் பாதியாகக் கிழிந்த ஒரு வாக்னர் நான்கரை லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. கிழிந்ததை யாரும் ஒளித்துவைக்கவில்லை, பார்த்தே வாங்கினார்கள்.

அதனால் ஸ்லாபில் இல்லாத கார்டை வாங்கும்போது ஒரு ஸ்கேலாவது கையில் இருக்கட்டும். 1952இலிருந்து 1956 வரை டாப்ஸ் கார்டு 2⅝க்கு 3¾ அங்குலம், 1957இலிருந்து 2½க்கு 3½. அன்றைய வெட்டில் கொஞ்சம் முன்பின் இருக்கும் என்பதால் அளவு மட்டும் போதாது, அதே செட்டின் விலை போகாத கார்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஓரத்தின் சொரசொரப்பையும் நிறத்தையும் ஒப்பிட வேண்டும். வயதான கார்டில் மூன்று ஓரம் மங்கலாக இருந்து ஒரு ஓரம் மட்டும் புதுசாக வெள்ளையாக இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். ‘வெட்டப்பட்டது’ என்று லேபிளிலேயே போட்டு அதற்கேற்ற விலைக்கு விற்றால் நியாயம், வாங்குபவர் பாடு. போஸ்ட் கம்பெனியின் காலை உணவு தானியப் பெட்டியின் பின்பக்கத்தில் வந்த 1961–63 கார்டுகளைப் பையன்கள் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டும், அங்கே வெட்டு கோணலாக இருப்பது குற்றமே இல்லை.

இதையெல்லாம் மேஜை முன்னால் நின்று ஒரு அரை மணி நேரம் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தேன், வியாபாரி பொறுமைசாலி, காபி குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முதலாவதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மறுபடி விற்கும் எண்ணம் இருந்தால்கூட நான் ஓசி பக்கம் போகமாட்டேன். நடுவில் உட்கார்ந்த 3க்கு ஆள் சீக்கிரம் கிடைக்கும், சாய்ந்த 5ஐ வாங்க வருபவர் பேரத்தில் உயிரை எடுப்பார். மூன்றாவதை நான்கு தடவை திருப்பிப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கும்போது ஆசை, முதுகைப் பார்க்கும்போது வருத்தம். மிச்சமாகும் காசில் இன்னொரு கார்டு வாங்கலாம் என்று அண்ணன் ஏற்றிவிட்டுக்கொண்டே இருந்தார்.

இரண்டாவதைத்தான் வாங்கினேன். மடிப்பு சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது மட்டும் தெரிகிறது, தெரியும்போது கோஃபாக்ஸ் கொடுத்த எரிச்சல் வருவதில்லை. (வெயில் படுகிற இடத்தில் ஏன் வைத்தாய் என்று கேட்காதீர்கள், இப்போது இடம் மாற்றிவிட்டேன், நிறம் வெளுப்பதை ஸ்லாப் தடுக்காது.) நான் பணம் எண்ணிக்கொண்டிருந்தபோதே அண்ணன் மூன்றாவதைத் தனக்கு எடுத்துக்கொண்டார். அவர் வீட்டு ஹாலில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார், போகிறவர் வருகிறவர் எல்லாம் என் கார்டைவிட அதைத்தான் மெச்சுகிறார்கள்.